வஸீலாவின் ஆறாவது நாள்

நோன்பு திறக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது கலீமாவின் வலது முழங்கால் கைவிட்டுவிட்டது.

மழைத் தண்ணீர் பாறைப் படிகளில் குபுகுபுவென்று இறங்கிக்கொண்டிருந்தது. எந்தப் படியில் கால் வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள்தான். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் இந்த மலையை மிதித்தவள். ஆனாலும் வைத்த கால் ஒரு பக்கம் போயிற்று, உடம்பு இன்னொரு பக்கம் போயிற்று. நடுவில் முழங்கால் 'டக்' என்றது. அத்தனை காற்றிலும் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்தது.

“மா!” என்று மேலேயிருந்து கத்திக்கொண்டு வந்தான் இஹ்சான், அவளுடைய மருமகன். டைல்ஸ் ஒட்டுகிறவன். குளியலறைத் தரையில் நாள் முழுக்க மண்டியிட்டுக் கிடப்பானே தவிர, மலைக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

“ஓடி வராதே! நீயும் விழுந்து தொலையாதே,” என்றாள் கலீமா.

“எழுந்திருக்க முடியுதா?”

“முடியாம என்ன?”

எழுந்தாள். கண்ணுக்குள் பூச்சி பறந்தது. அப்படியே பாறையைப் பிடித்து உட்கார்ந்துவிட்டாள். வடமேற்குக் காற்று கடலிலிருந்து கிளம்பி நேராக அந்தக் காஸ்டீல்ஸ்பூர்ட் மலைப் பிளவுக்குள் ஏறி வந்து, மழையை வாளி வாளியாக அவர்கள் முகத்தில் அடித்தது. கீழே காம்ப்ஸ் பே வீடுகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. கடலின் இரைச்சல் மட்டும் கேட்டது.

அவள் நோன்பாளி என்பது இஹ்சானுக்குத் தெரியாது. காலையில் அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, நான் அப்பவே குடிச்சாச்சு என்று வாய் கூசாமல் பொய் சொல்லியிருந்தாள்.

ரமலானில் விட்டுப்போன நோன்பை இந்த ஊரில் குளிர்காலத்தில்தான் எல்லோரும் களாவாகப் பிடித்து ஈடுகட்டுவார்கள். இந்தத் தென்கோடியில் ஜூலைதான் குளிர்காலம்; பகல் குட்டை, ஆறு மணிக்கு முன்னாலேயே நோன்பு திறக்கிற மஃரிப் வந்துவிடும், தாகமும் எடுக்காது. ஆனால் இது கலீமாவின் நோன்பு இல்லை. செத்துப்போன அவள் மகள், இஹ்சானின் மனைவி வஸீலாவின் நோன்பு. வயிற்றில் இருந்தது கலைந்து வஸீலா படுத்தது போன வருஷ ரமலானின் கடைசி ஆறு நாள். “குளிர்காலம் வரட்டும் மம்மி, பகல் சின்னதா இருக்கும்ல, ஒரே வாரத்துல பிடிச்சிடறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தவளை, மே மாதக் கடைசியில் ரோட்டைக் கடக்கும்போது ஒரு மினிபஸ் அடித்துப் போட்டுவிட்டது.

செத்தவர் மேல் நிற்கும் நோன்பைச் சொந்தக்காரர் பிடிக்கலாம் என்று பள்ளிவாசல் இமாம் சொன்னார். கலீமா பிடித்தாள். போன குளிர்காலத்தில் மூன்று, இந்தக் குளிர்காலத்தில் இரண்டு. இன்று ஆறாவது. யாரிடமும் மூச்சு விடவில்லை. இன்று ஐந்து ஐம்பத்து நான்கு வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டால் மகள் மேல் ஒன்றும் நிற்காது. தாய் என்கிறவள் இதைக்கூடச் செய்யாவிட்டால் எதற்கு என்பது அவள் கட்சி.

நோன்போடு மலைக்கு வருவார்களா என்று கேட்டால், வந்திருக்கக் கூடாதுதான். வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு அவளுடைய ஞாயிறு மலைநடைக் குழுவில் மற்ற அத்தனை பேரும் கழன்றுகொண்டார்கள். மழை இருட்டின பிறகுதான் வரும், எனக்குத் தெரியாத மழையா என்று கலீமா மட்டும் கிளம்பினாள். அப்போதுதான் இஹ்சான், “இந்த வாரம் நானும் வர்றேம்மா, கொஞ்சம் பேசணும்” என்றான். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் நோன்பைச் சொல்ல வேண்டும்.

அவன் என்ன பேசப்போகிறான் என்பது தெருவுக்கே தெரியும். மருந்துக் கடையில் வேலை செய்கிற ருவைதாவை நிக்காஹ் செய்துகொள்ளும் பேச்சு. கலீமாவின் வீட்டுப் பின்னறையில் இன்னும் குடியிருக்கிற மருமகன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதுவும் செய்ய மாட்டான். கேட்கவும் தைரியம் வரவில்லை. மேலே அணைக்கட்டுப் பக்கம் உட்கார்ந்தபோது, ஐஸ்கிரீம் டப்பாவிலிருந்து கூசிஸ்டர் எடுத்து நீட்டினான். பாகில் ஊறி, தேங்காய்ப்பூ ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை மணம் மணத்தது. “ருவைதா பண்ணினதும்மா.” கலீமா, “எனக்கு வேணாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பாவிட்டால் எச்சில் ஊறுவது தெரிந்துவிடும். அவன் டப்பாவை மூடினான். அவனும் தின்னவில்லை, பேச வந்ததையும் பேசவில்லை. அடுத்த அரைமணியில் மழை பிடித்துக்கொண்டது.

“என் முதுகுல ஏறுங்க,” என்றான் இப்போது.

“பைத்தியமா உனக்கு? ரெண்டு பேரும் சேர்ந்து உருண்டா நேரா கடல்லதான் நிப்போம்.”

“அப்ப என்னதான் பண்றது?”

“கீழ ஒரு பாறைக் குடை இருக்கு. அதுவரைக்கும் உக்காந்து உக்காந்து நகர்றேன். நீ எனக்குக் கீழ நில்லு. நான் சறுக்கினா பிடிக்கணும், கண்ணை மூடிக்கக் கூடாது.”

அறுபது எழுபது படிதான். சின்னப் பிள்ளை மாடிப்படி இறங்குவதுபோல ஒவ்வொன்றாக உட்கார்ந்து இறங்க அரைமணி நேரம் ஆயிற்று. ஓடுகிற தண்ணீரிலேயே உட்கார வேண்டியிருந்தது. இடுப்புக்குக் கீழே பொட்டு இடம்கூடக் காய்ந்து இல்லை. ஓர் இடத்தில் கை வழுக்கி அவள் சரிய, இஹ்சான் இரண்டு கையாலும் அவளுடைய பூட்ஸைப் பிடித்துத் தன் நெஞ்சோடு அழுத்திக்கொண்டான். அவனுடைய ஒரு கால் படியின் விளிம்பில் நின்றது. பிறகு அவன், “உங்க பூட்ஸ்ல ரொம்ப நாத்தம்மா” என்றான். கலீமாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

பாறைக் குடைக்குள் மழை இல்லை, காற்று இருந்தது. இஹ்சான் மீட்புக் குழுவுக்குப் போன் போட்டான். காம்ப்ஸ் பே பக்கமாக இருந்ததால் சிக்னல் கிடைத்தது. ஒரு பெண் இடத்தை விசாரித்துவிட்டு, ஆள் வந்து சேர ஒன்றேகால் மணி நேரமாவது ஆகும், அதுவரை அவரைச் சூடாக வைத்திருங்கள் என்றாள். அப்போது மணி ஐந்து.

கலீமாவின் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. இஹ்சான் தன் மழைக்கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினான். பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் டீ ஊற்றினான்.

“ரெண்டு வாய் குடிங்க.”

“வேணாம்.”

“சக்கரை அள்ளிப் போட்டிருக்கேன், உங்களுக்குப் பிடிச்ச மாதிரி.”

“வேணாம்னேன்ல.”

“பல்லு தந்தியடிக்குது, வேணாமாம்! பிடிவாதத்துக்கும் ஒரு அளவு இல்ல?”

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவன் கொஞ்ச நேரம் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். டீயிலிருந்து எழுந்த ஆவியைக் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. சட்டென்று அவன் குரல் உயர்ந்தது.

“தெரியும்மா. எனக்குத் தெரியும். மேல கூசிஸ்டர் குடுத்தேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க. இப்ப டீயும் வேணாம். அவ கை பட்டிருக்கும்னுதானே? இது நான் போட்ட டீ. அவ போடல. போதுமா?”

“அது இல்லடா.”

“பின்ன எது? செத்தாலும் சாவேன், உன் கையால ஒரு வாய் டீ குடிக்க மாட்டேன்னு உக்காந்திருக்கீங்க. நான் என்ன தப்பு பண்ணிட்டேன்? ஒரு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு. ராத்திரி அந்தப் பின்னறையில சுவத்தப் பாத்துப் படுத்திருக்கேன். அவளை மறந்துட்டுக் கேக்கலம்மா. நீங்க சரின்னு சொல்லாம நான் அடி எடுத்து வெக்கப் போறதுமில்ல. வேணாம்னா வேணாம்னு வாயைத் திறந்து சொல்லுங்க. இப்படிப் பட்டினி கிடந்து என்னைக் கொல்லாதீங்க!”

சொல்லிவிடலாம் என்று கலீமாவுக்குத் தோன்றியது. நோன்புடா என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் அடங்கிவிடுவான். ஆனால் நாக்கு எழவில்லை. சொன்னால் அந்த ஆறு நாளில் அவனுக்கும் பங்கு வந்துவிடும். இந்தப் பதினாலு மாதமும் அந்த ஆறு நாள்தான் அவளுக்கும் மகளுக்கும் இடையில் மிஞ்சியிருந்தது. அதில் ஒரு துணுக்கைக்கூட யாருக்கும் கிள்ளிக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. பேராசைதான். இருக்கட்டும் என்று நினைத்தாள்.

“மணி என்ன?” என்று மட்டும் கேட்டாள்.

“அஞ்சே கால். வந்துடுவாங்க.” அவனுக்கு ஆத்திரம் வடிந்து பயம் வந்திருந்தது. பின்னால் உட்கார்ந்து அவளைத் தன்மேல் சாய்த்து, இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அவன், “அப்பாடா, நடுக்கம் நின்னுடுச்சு. இப்பத் தேவலையா?” என்றான்.

தேவலைதான். இதமாகக்கூட இருந்தது. கழுத்துப் பக்கம் புழுங்குவதுபோல இருக்கவே, கோட்டின் ஜிப்பை இறக்கப் பார்த்தாள். விரல் பிடிக்கவில்லை. எங்கோ யாரோ, 'நடுங்குற வரைக்கும் பயப்படாதீங்க, நடுக்கம் நின்னாத்தான் பயப்படணும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் என்று யோசித்தாள். அவளேதான். குழுவில் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் அவள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். அதை அவனிடம் சொல்ல வாயைத் திறந்தாள், வார்த்தை குழைந்து வெறும் சத்தமாக வந்தது. அப்போதுதான் அவளுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. அந்தப் பயமும் எங்கோ தூரத்தில் நின்றது.

போன் அடித்தது. அதே பெண். இஹ்சான் ஸ்பீக்கரில் போட்டான்.

“எப்படி இருக்காங்க? நடுங்குறாங்களா?”

“இல்ல, நின்னுடுச்சு. இப்பக் கோட்டைக் கழட்டப் பாக்கறாங்க, புழுங்குது போல.”

அந்தப் பக்கம் குரல் மாறியது. “கழட்ட விடாதீங்க. கெட்டியாப் பிடிச்சுக்குங்க. சூடா, இனிப்பா ஏதாவது வெச்சிருக்கீங்களா? உடனே குடுங்க. தூங்க விடாதீங்க. கடைசியா எப்பச் சாப்பிட்டாங்க?”

“மா, கடைசியா எப்பச் சாப்பிட்டீங்க? மா! இங்க பாருங்க!”

“சஹருக்கு…” என்றாள் கலீமா. “விடியுமுன்ன… ஒரு பேரீச்சம்பழம்.”

“சஹரா?” அவன் அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தான். “சஹர்னா சொன்னீங்க? நோன்பா? யா அல்லாஹ், நோன்போடவா மலை ஏறினீங்க!”

“என்ன சொல்றாங்க?” என்றது போன்.

“நோன்பாம்! காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடப் படல!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். இப்பக் குடிக்கலைன்னா எங்க ஆளுங்க வரும்போது பேசுறதுக்கு அவங்க இருக்க மாட்டாங்க. புரியுதா?”

போனை அவன் கீழே வைத்தான். டீயை மறுபடியும் ஊற்றினான். அவசரத்தில் பாதி அவன் பேண்டில் கொட்டியது.

“என்ன நோன்பு இது? உங்களுக்கு அம்பத்தெட்டு வயசு. உங்களுக்கு ஏது களா?”

அவள் மழைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மா, யாரோடது?”

“அவளோடது.”

மழை இரைந்துகொண்டிருந்தது. அவன் உதடு அசைந்தது, எதையோ எண்ணிப் பார்க்கிறவன்போல.

“அந்த ஆறு நாளா?” என்றான்.

அவன் ஞாபகம் வைத்திருப்பான் என்று கலீமா நினைத்ததே இல்லை. தலையை ஆட்டினாள்.

“இது எத்தனாவது?”

“ஆறாவது. இன்னியோட… மணி என்ன?”

“அஞ்சு இருபது.”

“முப்பத்திநாலு நிமிஷம். இருந்துடுவேன்.”

“இருக்க மாட்டீங்கம்மா!”

“இருப்பேன்.”

“உசுரு போற நேரத்துல அல்லாஹ் இதைக் கேக்கல. நம்ம தெருவுல ஓதப் போற பொடிசுக்குக்கூடத் தெரியும்!”

“அவன் கேக்கலடா. நான் கேக்கறேன்,” என்றாள் கலீமா. அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு மூன்று மூச்சு பிடித்தது.

இஹ்சான் மூடியை அவள் உதட்டருகே கொண்டுவந்தான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அவன் கெஞ்சவில்லை, திட்டவுமில்லை. மூக்கு ஒழுகிக்கொண்டு, தாடியெல்லாம் தண்ணீராக, அழுதான். “அவளைக் கபுறுக்குத் தூக்கிட்டுப் போனேன்மா. உங்களையும் தூக்கிட்டுப் போக வெக்காதீங்க. எனக்கு அம்மாவும் இல்ல. வீட்டுக்குப் போனா யார்கிட்டப் போய் நிப்பேன்?”

கலீமா அவனைப் பார்த்தாள். மழைக்கோட்டு அவள்மேல் இருந்தது. அவன் வெறும் சட்டையோடு ஊறிப்போயிருந்தான், உதடு நீலம் பாரித்திருந்தது. இந்தப் பையன் வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும், பின்னறைக்குப் போகும் முன்னால் அடுப்படியில் எட்டிப் பார்த்து, “சாப்பிட்டீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டுத்தான் போவான். தினமும் கேட்பான். அவளும் ம் கொட்டுவாள்.

“பிஸ்மில்லாஹ்,” என்று வாயைத் திறந்தாள்.

டீ தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. இனிப்பு நாக்கில் பட்டதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்திநாலு நிமிஷம், வெறும் முப்பத்திநாலு நிமிஷம் என்று புலம்பிக்கொண்டே குடித்தாள். இரண்டாவது மூடியும் குடித்தாள். அவன் கூசிஸ்டரைப் பிய்த்து ஊட்டினான், அதையும் தின்றாள். பத்து நிமிஷம் கழித்து நடுக்கம் திரும்பி வந்தது. எலும்பு கழன்றுவிடும்போல அப்படி ஒரு நடுக்கம். முழங்கால் வலியும் கூடவே வந்தது. “நடுங்குறாங்க, நடுங்குறாங்க!” என்று போனில் கூவினான் இஹ்சான், பெற்ற பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி.

ஐந்து ஐம்பத்து நான்குக்கு அவன் போனிலிருந்தே பாங்கு ஒலித்தது. கலீமா கண்ணை மூடிக்கொண்டாள்.

“போச்சு,” என்றாள் பிறகு. “பாக்கி நின்னுபோச்சு.”

“நான் பிடிக்கறேன்.”

“என்னது?”

“நாளைக்கே பிடிக்கறேன். ரத்த சொந்தம் இல்லாதவன் பிடிக்கணும்னா உரிமைப்பட்டவங்க அனுமதி வேணும்னு மதரஸாவுல சொல்லிக் குடுத்திருக்காங்க. நீங்கதானே உரிமைப்பட்டவங்க? அனுமதி குடுங்க.”

“ஒண்ணும் வேணாம். நானே பிடிச்சுக்குவேன்.”

“இந்தக் காலோடவா? மூணு வேளை மாத்திரை போடச் சொல்லுவாங்க.”

“அடுத்த மாசம் பிடிக்கறேன்.”

“அடுத்த மாசம் ஒரு காரணம் வரும்.”

“வரட்டுமே! உனக்கு என்னடா?”

“மா,” என்றான் அவன். “முடிஞ்சிடக் கூடாதுன்னு பாக்கறீங்களா?”

கலீமாவுக்குச் சுருக்கென்றது. ஆறு நாளைப் பிடிக்க எவளுக்காவது இரண்டு குளிர்காலம் ஆகுமா? அவள் மகளே ஒரு வாரம் என்றுதான் சொல்லியிருந்தாள். ஒவ்வொன்றையும் பிடித்து முடித்த பிறகு, அடுத்ததைத் தள்ளித் தள்ளி வைத்தது யார்? இன்றைக்குக்கூட ருவைதா பேச்சு தெருவில் அடிபட்டதால் வந்த ரோஷத்தில் பிடித்ததுதான். அவன் முடித்துக்கொள்ளப் போகிறான் என்றால் நானும் முடித்துக் காட்டுகிறேன் என்ற ரோஷம்.

“ஆமாண்டா,” என்றாள். “அதுவும் முடிஞ்சிட்டா அவளுக்குச் செய்ய எனக்கு என்ன இருக்கு?”

“எனக்கு ஒண்ணுமே இருந்ததில்லையேம்மா.” அவன் குரல் அவள் தலைக்குப் பின்னாலிருந்து வந்தது. “அவ துணியை நீங்க குடுத்தீங்க. அவ கபுறுக்கு நீங்க போறீங்க, வர்றீங்க. அவ படுத்திருந்த அந்த ஆறு நாளும் நீங்கதான் கஞ்சி வெச்சீங்க, நான் வேலைக்குப் போயிட்டேன். அப்ப கலைஞ்சது என் பிள்ளையும்தானே? ஆறுல ஒண்ணாவது எனக்குக் குடுங்க.”

இந்தப் பதினாலு மாதத்தில், அந்தப் பிள்ளைக்கு ஒரு தகப்பன் இருந்தான் என்பதைக் கலீமா ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. கீழே வெகுதூரத்தில் மூன்று வெளிச்சங்கள் ஆடி ஆடி ஏறி வந்துகொண்டிருந்தன. யாரோ விசில் ஊதினார்கள். இஹ்சான் எழுந்து, டார்ச்சை ஆட்டிவிட்டு வந்து மறுபடியும் அவளைத் தாங்கிக்கொண்டான்.

“நோன்பு பிடிக்கறேன்னு நிய்யத் ராத்திரியே வெக்கணும்,” என்றாள் அவள். “விடிஞ்சப்புறம் வெச்சா செல்லாது.”

“வெக்கறேன்.”

“அவ பேரைச் சொல்லி வெக்கணும். வாயால சொல்லு, மனசுக்குள்ள முணுமுணுக்காதே.”

“சரிம்மா.”

“சஹருக்கு எழுப்பி விடறேன். நீ தூங்குமூஞ்சி.” பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, “அந்தப் பொண்ணு வீட்டுல எப்பப் பாக்கணும்னு சொன்னாங்க?” என்றாள்.

அவன் கைகள் அவளைச் சுற்றி அப்படியே நின்றன. “நாளைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு,” என்றான் மெதுவாக. “நான் இன்னும் சரின்னு சொல்லல.”

“ராத்திரிக்கு வேணாம். மஃரிபுக்கே வர்றோம்னு சொல்லு. உனக்கு நோன்பு திறக்கணும்ல?”

“வர்றோமா?”

“பின்ன? என் மகளோட நோன்பை அந்த வீட்டுல நீ தனியா உக்காந்தா திறப்பே?”

“இந்தக் காலை வெச்சுக்கிட்டு எப்படிம்மா வருவீங்க?”

“தூக்கிட்டுப் போடா,” என்றாள் கலீமா.